நடந்தால்தான் பாதை

பிரான்சின் தெற்கே, செவேன் மலைத்தொடரில் மோன் லோசேர் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 1,699 மீட்டர். மேலே ஏறிவிட்டால் மரம் கிடையாது. புல்வெளி, உருண்டு கிடக்கும் கருங்கல் பாறைகள், கோடை முடிவில் ஊதாவாகப் பூக்கும் ஹெதர் புதர்கள், ஓயாத காற்று. அந்த வெட்டவெளியின் குறுக்கே வரிசையாகக் கற்களை நட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு கல்லின் அருகில் நின்றால் அடுத்த கல் தெரியும். புதிதாக வருகிறவர்கள் ஆதிகால வழிபாட்டிடம் என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விஷயம் அவ்வளவு பெரிதல்ல. பனி விழுந்து வழி மூடிக்கொண்டால் கல்லைப் பார்த்துக் கல்லுக்குப் போகலாம், அவ்வளவுதான். பனிப்புயலில் கல்லும் மறைந்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. மலைச்சரிவில் உள்ள சில குக்கிராமங்களில் தேவாலயம் இருக்காது, மணிக்கூண்டு மட்டும் தனியாக நிற்கும். புயல் எழுந்தால் ஊரார் அந்த மணியை விடாமல் அடிப்பார்கள். வழி தவறியவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டும்.

கல் நட்டவர்களும் மணி அடித்தவர்களும் காட்சி பார்க்க மலையேறியவர்கள் அல்லர். அவர்களுக்கு மறுபக்கம் போயாக வேண்டியிருந்தது. சந்தைக்கு, அறுவடைக் கூலிக்கு, பெண் எடுத்த ஊருக்கு. இன்று அதே கற்களைக் கடந்து போகிறவர்களுக்கு மறுபக்கத்தில் ஒரு வேலையும் இல்லை. முதுகில் பை, கையில் ஊன்றுகோல், இரவுக்கு எங்கோ முன்பதிவு செய்த படுக்கை. நடப்பதற்காகவே நடப்பவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். வேலையற்ற இந்த நடைக்கு அந்த மலையில் ஏதாவது இடம் உண்டா என்ற கேள்வி என்னை வெகுநாள் அரித்துக்கொண்டிருந்தது.

செவேனில் அந்தக் கேள்வி தானாக எழும், ஏனென்றால் அங்கே மனிதர் கை படாத இடத்தைத் தேடினாலும் கிடைப்பது அரிது. 1970-இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது, அதன் மையப் பகுதிக்குள்ளேயே மக்கள் குடியிருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், உழுகிறார்கள். பக்கத்திலுள்ள கோஸ் சுண்ணாம்புப் பீடபூமிகளையும் சேர்த்து 2011-இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடப் பட்டியலில் ஏற்றியபோது, எழுதிய காரணம் இயற்கை எழில் என்பதல்ல. மேய்ச்சலும் வேளாண்மையும் உருவாக்கிய பண்பாட்டு நிலம் என்பதே காரணம். சுற்றுலாக் கையேடுகள் ‘தீண்டப்படாத இயற்கை’ என்று அச்சடிப்பதை நிறுத்தவில்லை என்பது வேறு கதை.

பாதைகளில் மூத்தவை ஆட்டுப் பாதைகள். உள்ளூரில் ‘திராய்’ என்பார்கள். கீழே லாங்டாக் சமவெளியில் ஜூன் மாதம் புல் காய்ந்துவிடும். மந்தைகள் கழுத்துமணி அதிர மேலே ஏறும், இலையுதிர் காலத்தில் திரும்பும். பள்ளத்தாக்கில் பயிர் நிலம் இருப்பதால் மந்தை அங்கே இறங்கக் கூடாது, ஆகவே இந்தப் பாதைகள் மலை முகட்டைப் பிடித்துக்கொண்டே போகும். முகட்டிலிருந்து இருபுறமும் தெரியும் நீல அலைகளான மலைகளைக் கண்டு நாம் மெய்மறந்து நிற்கிறோமே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தந்தது அடுத்தவர் பயிரில் ஆடு வாய் வைக்கக் கூடாது என்ற கவலை. இப்போதும் சில மந்தைகள் நடந்தே ஏறுகின்றன, பல லாரியில் போகின்றன.

அடுத்து வந்தவை அரசரின் சாலைகள். பதினான்காம் லூயி 1685-இல் புராட்டஸ்டன்ட் வழிபாட்டுக்கு இருந்த உரிமையை ரத்துசெய்தார். செவேன் மக்களில் பெரும்பகுதி புராட்டஸ்டன்டுகள். பகலில் கத்தோலிக்கராக நடித்து, இரவில் காட்டு மடுவுகளில் கூடிச் சங்கீதம் பாடினார்கள். 1702 ஜூலை 24 இரவு, பொன் த மோன்வேர் என்ற ஊரில், பிடிபட்டவர்களைத் தன் வீட்டிலேயே அடைத்துவைத்திருந்த து ஷைலா என்ற பாதிரியாரைக் கொன்றார்கள். அங்கிருந்து மூண்டதுதான், காமிசார்கள் என்று பெயர் பெற்ற அந்தக் கிளர்ச்சியாளர்களின் போர். ஆட்டிடையர்கள், கம்பளி சிக்கெடுப்பவர்கள், ரொட்டிக்கடைப் பையன்கள் இரண்டு ஆண்டு காலம் அரசப் படையை அலைக்கழித்தார்கள். ஆயுதம் அவர்களிடம் குறைவு, பாதைகள் தெரியும். படையும் பீரங்கியும் போகும்படி அரசு அகலமான சாலைகளை வெட்டியது. அதுவும் போதாமல் 1703-இல் நூற்றுக்கணக்கான கிராமங்களையும் குடியிருப்புகளையும் இடித்து எரித்தது. ஒரே மலையில் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வழியும் தப்பி ஓடுகிறவர்களுக்கு ஒரு வழியும் இருந்தன. இன்று இரண்டிலும் நாம் ஒரே மகிழ்ச்சியோடு நடக்கிறோம்.

அந்தக் காலத்தின் சுவடு ஒன்று பாதையோரத்தில் இன்னும் உண்டு. கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டதால் புராட்டஸ்டன்ட் குடும்பத்தார் இறந்தவர்களைத் தங்கள் நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள். வழக்கம் பல தலைமுறை நீடித்தது. செங்குத்தான சரிவில், வீட்டுக்கும் காய்கறிப் பாத்திக்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம் தனியாக நின்றால், அதன் அடியில் பெரும்பாலும் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று பொருள். பேசிக்கொண்டே நடந்தவர்கள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவதைப் பார்த்திருக்கிறேன், யாரும் சொல்லாமலே.

இனி சுவர்கள். செவேனைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்கலாம் என்றால் நான் சுவரைத்தான் காட்டுவேன். மலை இங்கே ஷிஸ்ட் என்னும் அடுக்குப் பாறை. தட்டினால் பலகை பலகையாகப் பிரியும். அதைச் சாந்து எதுவும் இல்லாமல் அடுக்கி, சரிவை முழுக்கப் படிப்படியாக வெட்டி, படிக்குப் படி இரண்டு மூன்று முழ அகலத்தில் மண் நிரப்பி, அதில் பயிர் வைத்தார்கள். நெருங்கிப் பார்த்தால் சுவர் நேராக நிற்கவில்லை, மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கிறது. ஒரு கல்லின் மூட்டு மேல் அடுத்த கல்லின் நடுப்பகுதி வருகிறது. இடையிடையே நீளக் கல் ஒன்று உள்ளே ஆழமாக ஓடி, சுவரை மலையோடு பிணைக்கிறது. பின்புறம் உடைகல்லும் சல்லியுமாக நிரப்பியிருக்கிறார்கள். இவ்வளவும் தண்ணீருக்காக. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இலையுதிர் காலத்தில் இந்த மலைகளில் மோதி ஒரேயடியாகக் கொட்டும். 1900 செப்டம்பரில் வால்ரோக் என்ற ஊரில் ஒரே நாளில் 950 மில்லிமீட்டர் மழை பதிவானது. சாந்து பூசிய சுவராக இருந்தால் தண்ணீர் பின்னால் தேங்கித் தள்ளிவிடும். இது கசியவிட்டு நிற்கும். அப்படியும் மண் கரைந்து கீழே போகும். மழை நின்றதும் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து, வந்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும்.

மேல் படிகளில் செஸ்நட் மரம். அதைக் காடு என்று நினைப்பது எளிது. ஒவ்வொன்றும் நட்டு, ஒட்டுக்கட்டி, கவாத்து செய்து வளர்த்த மரம். கோதுமை விளையாத மண்ணில் இதுதான் சோறு. ‘ரொட்டி மரம்’ என்றே பெயர். அக்டோபரில் பொறுக்கிய கொட்டையைச் சேமிக்க, தோப்பின் நடுவே இரண்டடுக்குக் கல்கொட்டகை ஒன்று இருக்கும். மேல் தளம் மரச் சட்டங்களால் இடைவெளி விட்டு அமைத்தது, அங்கே கொட்டையைப் பரப்புவார்கள். கீழே செஸ்நட் விறகைத் தீக்கொழுந்து எழாமல் புகைய விடுவார்கள், வாரக்கணக்கில், இரவும் பகலும். காய்ந்த கொட்டையின் தோலை அடித்து நீக்கிவிட்டால் அடுத்த பருவம்வரை கெடாது. அதை ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குளிர்காலம் முழுக்கக் குடித்தார்கள். பாதையோரத்தில் கூரை இழந்து நிற்கும் அந்தக் கொட்டகைகளுக்குள் தலையை நுழைத்துப் பாருங்கள். கல் இன்னும் கரியேறிக் கறுத்திருக்கும்.

கீழ்ப் படிகளில் மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகளுக்குக் காசு காட்டியது. பிறகு புழுக்களுக்கு நோய் வந்தது. லூயி பாஸ்தர் 1865 முதல் சில ஆண்டுகள் அலேஸ் பக்கத்தில் தங்கி அதை ஆராய்ந்து நோயற்ற முட்டையைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார். புழு பிழைத்தது, ஆனால் ஆசியாவிலிருந்து வந்த மலிவுப் பட்டு தொழிலைச் சாய்த்துவிட்டது. செஸ்நட்டுக்கும் வேரழுகல் நோய் பரவியது. அலேஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்கள் கூலி கொடுத்தன, முதல் உலகப் போர் இளைஞர்களைக் கொண்டுபோனது. 1850-களில் லோசேர் மாவட்டத்தில் 1,40,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இன்று 80,000-க்கும் குறைவு. பிரான்சின் பெருநிலத்தில் இதைவிட ஆள் குறைந்த மாவட்டம் இல்லை.

ஆள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க நடந்துதான் தீர வேண்டும். காரிலிருந்து பார்த்தால் பச்சையாக, செழிப்பாக இருக்கும். முதலில் பெரணி வரும், பிறகு மஞ்சள் பூ பூக்கும் புதர்கள், பிறகு பைன். காட்டுப்பன்றி கிழங்கைத் தேடி மூக்கால் நெம்பிச் சுவரில் ஒரு கல்லைத் தள்ளும். ஒரு கல் போனால் அடுத்த மழையில் பத்துக் கல் போகும். படி சரிந்து அடுத்த படியின் மேல் விழும். எல்லாவற்றுக்கும் முன்னால் பாதை போய்விடும். முள்கொடி இரண்டு பக்கமிருந்தும் கை நீட்டி நடுவில் சந்தித்துக்கொள்ள அதிக காலம் ஆகாது. வரைபடத்தில் புள்ளிக்கோடு அழகாக ஓடும், தரையில் அந்த இடத்தில் நின்றால் முன்னே பின்னே நகர வழியிருக்காது.

இதை இயற்கை தன் நிலத்தை மீட்டுக்கொள்கிறது என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். பக்கத்திலுள்ள எகுவால் மலையைப் பாருங்கள். மேய்ச்சலும் கரிமூட்டமும் அதை மொட்டையாக்கியதால் வெள்ளம் கீழே ஊர்களை அடித்துக்கொண்டு போனது. ஜோர்ஜ் ஃபாப்ர் என்ற வனத்துறை அதிகாரி 1870-களில் தொடங்கிப் பல்லாண்டு உழைத்து அங்கே மரம் நட்டார். மேய்ச்சல் நிலம் போகிறதே என்று இடையர்கள் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். இன்று அங்கே நாம் ரசிக்கும் அடர்ந்த காடு பெருமளவு அவர் நட்டது. அதாவது அந்தக் காடும் ஒருவர் எடுத்த முடிவு. நிலத்தைச் சும்மா விடுவதும் ஒரு முடிவுதான், எடுத்தவர் யார் என்று மட்டும் தெரிவதில்லை.

வேலையற்ற நடைக்காரர்களின் மூதாதை 1878 செப்டம்பரில் இங்கே வந்தார். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். இன்னும் இருபத்தெட்டு வயதாகவில்லை, ‘புதையல் தீவு’ எழுத இன்னும் சில ஆண்டு இருந்தது. அவர் காதலித்த பெண் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தார். லெ மொனாஸ்தியே ஊரில் 65 பிராங்குக்கு மொதெஸ்தீன் என்ற கழுதையை வாங்கி, பொதியை ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டு நாளில் சேன் ழான் து கார் வரை நடந்தார். ஸ்காட்லாந்துப் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளை, காமிசார்களின் நாட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலும் அவருக்கு இருந்தது. மோன் லோசேரை நான் முதலில் சொன்ன கற்களைத் தொடர்ந்துதான் கடந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய பயண நூலில் கழுதையோடு பட்ட பாட்டைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு சிறு செயல். ஒரு பைன் தோப்பில் திறந்த வானத்தின்கீழ் நிம்மதியாகத் தூங்கி எழுந்த காலையில், இவ்வளவு நல்ல விருந்தோம்பலைச் சும்மா பெற்றுக்கொண்டு போகிறோமே என்று அவருக்கு உறுத்தல். நடந்துகொண்டே, புல்தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாணயங்களைப் போட்டுவிட்டுப் போகிறார், ராத்தங்கலுக்கு உரிய வாடகை தீரும்வரை.

பாதி விளையாட்டு அது. ஆனாலும் கடன் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது சரி. யாருக்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. காசு அதற்கு ஏற்ற நாணயமா என்பதிலும் எனக்குச் சந்தேகம்.

அவர் போன தடம் இன்று ஜி.ஆர். 70 என்ற எண்ணுடைய நெடுநடைப் பாதை. லெ புய் முதல் அலேஸ் வரை நீட்டிவிட்டார்கள், 270 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாடகைக்குக் கழுதையும் கிடைக்கும். நெடுநடைப் பாதைகளுக்கான தேசியக் குழு பிரான்சில் 1947-இல் உருவானது, போர் முடிந்த கையோடு. அதன் சின்னம் எளியது. வெள்ளைப் பட்டை மேலே, சிவப்புப் பட்டை கீழே, ஒரு மரத்திலோ கல்லிலோ வேலிக்கம்பத்திலோ. இரண்டு பட்டையும் பெருக்கல் குறியாக இருந்தால் தப்பான வழி, திரும்பு. நாடு முழுக்க இதைத் தீட்டுவது சம்பளமில்லாத தொண்டர்கள். பாசி படிந்த பட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பழைய பூச்சின் மேல் புதிதாகப் பூசிவிட்டு, அடுத்த மரத்துக்குப் போவார்கள். கிளை வளர்ந்து மறைத்தால் கத்தரிப்பார்கள். நடக்கும்போது நாம் மலையைப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி நேரம் நம் கண் அந்த இரண்டு பட்டையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

ஒரு குக்கிராமத்துப் பெரியவரோடு ஒரு முறை கல் பாவிய பழைய பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த வகைப் பாதைகளில் சில அடிக்கு ஒரு முறை நீளக் கல் ஒன்றைச் சாய்வாகக் குறுக்கே பதித்திருப்பார்கள். மழைநீர் பாதையிலேயே ஓடி அரிக்காமல் அந்தக் கல்லில் முட்டி ஓரத்துக்குத் திரும்பிவிடும். செஸ்நட் இலை உதிர்ந்து அதில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கல்லைத் தாண்டிவிடும். பெரியவர் ஏதோ அரசியல் பேசிக்கொண்டே வந்தார், யாரையோ திட்டினார், நடை நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குறுக்குக்கல் வரும்போதும் வலது காலைப் பக்கவாட்டில் வீசி இலைக்குவியலை வெளியே தள்ளினார். ஒன்றைக்கூட விடவில்லை. தான் அதைச் செய்வது அவருக்குத் தெரிந்ததாகவே படவில்லை. நான் கேட்டபோது, “எதைச் சொல்கிறீர்கள்?” என்றார். காட்டியதும், “இலையை எடுத்துவிட்டால் போதும், மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டு அரசியலுக்குத் திரும்பினார்.

அவர் நடந்ததும் பாதையைச் செப்பனிட்டதும் ஒரே செயல். இரண்டையும் பிரித்து எண்ணியது நான்தான். சமையல்காரி அடுப்பைத் துடைத்துக்கொண்டே சமைப்பதை யாரும் தனி வேலையாகக் கணக்கெடுப்பதில்லை அல்லவா. பழைய நாட்களில் செவேனில் எல்லாமே இப்படித்தான் நின்றிருக்க வேண்டும். கல் விழுந்தால் போகிறவர் தூக்கி வைப்பார், மந்தை மிதித்துப் புதரை அடக்கும், சுமைகாரர் காலடியில் மண் இறுகும். பராமரிப்பு என்று தனியாக ஒன்று தேவைப்பட்டிருக்காது. பயன்படுத்துவதே காப்பதாக இருந்தது. அந்தப் பயன்பாடு போனபோதுதான் பாதையைக் காக்க ஆள் தேவைப்பட்டது.

பிரெஞ்சுச் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது வியப்பாக இருந்தது. அங்கே கிராமப் பாதைகள் தனிச் சட்ட வகை. அவை ஊராட்சியின் சொத்து, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியவை. ஆனால் பெருஞ்சாலைகளுக்கு உள்ள முழுப் பாதுகாப்பு இவற்றுக்குக் கிடையாது. மக்கள் பயன்பாடு நின்றுவிட்டால் ஊராட்சி மன்றம் விற்கலாம். பக்கத்து நிலக்காரர் வேலி போட்டு முப்பது ஆண்டு அனுபவித்துவிட்டால் அவருடையதாகவும் ஆகிவிடலாம். சரி, ஒரு பாதை மக்கள் பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? பத்திரமா, வரைபடமா? மக்கள் அதில் நடந்து போவதே ஆதாரம், அல்லது ஊராட்சி அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வருவது. நடந்தால் பாதை, நடக்காவிட்டால் நிலம். கவிஞர் சொன்னால் மிகை என்போம். இது வேளாண் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

ஆகவே வேலையற்ற நடைக்காரருக்கும் அந்த மலையில் ஒரு வேலை இருக்கிறது, அவர் அறியாமலே. காலடி படும்போதெல்லாம் பாதையை மீண்டும் ஒரு முறை பொதுவாக்குகிறார். எல்லோருக்கும் பொதுவான பொருளை வேலி போட்டுக் காக்க முடியாது, பூட்டிவைத்துக் காக்க முடியாது. அதை யாராவது எடுத்துப் புழங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புழங்குகிறவருக்கு அதில் தனி உரிமை இல்லை, புழங்குவதால்தான் எல்லோருக்கும் உரிமை நிற்கிறது. ஸ்டீவன்சன் காசு போட்டுக்கொண்டு போன புல்தரையில், அவர் கால் பட்டதே போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஆனால் இதில் மனம் குளிர்ந்துவிடவும் முடியாது. நடைக்காரர்கள் எல்லோரும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். செப்டம்பரில் ஜி.ஆர். 70-இல் வழித்தங்கல்களில் படுக்கை கிடைப்பது பாடு. அதற்கு இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி, பேர் வாய்க்காத பாதைகளில் ஆள் அரவமே கிடையாது. பேர் பெற்ற பாதைக்குச் சட்டத்தின் துணையும் கூடுதல். 1983 முதல் ஒவ்வொரு மாவட்டமும் நடைப்பாதைகளுக்கு ஒரு திட்டம் வைத்துக்கொள்ளலாம், அதில் ஏறிய கிராமப் பாதையை மாற்று வழி தராமல் விற்க முடியாது. பட்டியலில் ஏறாததற்கு அந்தக் கவசம் இல்லை. தவிர, எத்தனை பேர் நடந்தாலும் நடைக்காரர் ஆடு ஆகிவிட மாட்டார். ஒரு முழ அகலத் தடம் அவர் காலால் பிழைக்கும். இருபுறமும் புல்வெளி புதராவதை அவரால் தடுக்க முடியாது, அதற்கு மந்தை வேண்டும், மந்தைக்கு இடையர் வேண்டும், இடையர் வாழ வருமானமும் பள்ளிக்கூடமும் மருத்துவரும் வேண்டும்.

2022-இல் வந்த ஒரு சட்டம் ஊராட்சிகள் தங்கள் கிராமப் பாதைகளைக் கணக்கெடுக்க ஊக்கம் தந்தது. கணக்கெடுக்கத் தீர்மானம் போட்டால், முப்பது ஆண்டு அனுபவக் கணக்கு அந்தக் கணக்கெடுப்பு முடியும்வரை ஓடாமல் நிற்கும். சின்ன ஊராட்சிகளில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். பழைய நில அளவைப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அரிவாளோடு புதருக்குள் இறங்குகிறார்கள். ஒரு பாதையை விற்க வேண்டும் என்றாலும் மன்றம் தன் இஷ்டத்துக்கு விற்றுவிட முடியாது. முதலில் பொது விசாரணை நடத்த வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறந்து வைப்பார்கள், சொல்ல நினைப்பதை யாரும் வந்து எழுதலாம். இந்தப் பாதை வழியாக இன்ன காலத்தில் நடந்தேன், இங்கிருந்து அங்கே போனேன் என்று எழுதினால் அது கணக்கில் வரும். எழுதுகிறவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.